உரையும் நடையும்

உரைநடை வளர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டிருந்தனர். தமிழாசிரியனிடம் வேறு எதனைக் கேட்பது! யாமும் ஒப்புக்கொண்டோம். எழுதுகோலை எடுத்தபோது அச்சொல்லே இரண்டாகப் பிரிந்து எம்முன் நின்றது. வாயினாற் பேசுவது உரை. காலினாற் செல்வது நடை. இளமையில் இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது ஒரு பொருட்டன்று. முதுமையிலோ இவை ஒன்றையொன்று தள்ளத் தொடங்குகின்றன. ஆறுமுக நாவலர் கையில் வளம்பெற்ற உரைநடையைப் பற்றி எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், குழுவினர் பொறுத்தருள்க, யாம் மற்றை உரைநடையைப் பற்றியே எழுதப் புகுகின்றோம்.

எம் கல்லூரியிலே முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியார் ஒருவர் எமது அயலில் வாழ்கின்றார். தம் பெயர் அச்சில் வருதல் அவருக்கு உவப்பன்று. பழைய மாணவருட் பலர் இரண்டு பந்தி படித்ததும் இன்னார் என்று கண்டுகொள்வர். கண்டுகொண்டோர் தம்முள்ளே வைத்துக்கொள்க. வயது எண்பத்திரண்டு. மனைவியார் காலமாகிப் பத்தாண்டுகளாயின. மக்கள் இருவரும் கனடாவில். மாலை ஐந்து மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு வெளியே வருவார். ஒழுங்கை வழியே சென்று, மதகையும் பனங்கூடலையுங் கடந்து, சிவன் கோயிலை வலம்வந்து, வாசிகசாலையிலே பத்திரிகை பார்த்து மீள்வார். போக்கும் வரவுமாக ஒன்றரை மைல் இருக்கும். பாடசாலை விட்டு வந்தபின் யாமும் அவருடன் கூடி நடப்பதுண்டு. யாம் நாற்பது வயதைக் கடந்த பயிற்றப்பட்ட ஆசிரியர். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே கற்றபோது பெற்ற இலக்கண அறிவினும் அவ்வொழுங்கையிலே பெற்றது மிகுதி என்று சொன்னால், எமக்கு விரிவுரை செய்தோர் கோபியார் என்று நம்புகின்றோம்.

சில ஆண்டுகளாக அந்த நடையிலே ஒரு வேறுபாடு தோன்றியது. முன்பெல்லாம் ஆகுபெயரோ அன்மொழித்தொகையோ எதனைக் கேட்டாலும் வேட்டித் தலைப்பை ஒரு கையாற் பற்றியபடி விரைந்து நடந்துகொண்டே விளக்குவார். விடை முழுவதும் காதில் விழவேண்டுமாயின் யாம்தான் எட்டி நடக்கவேண்டும். இப்போதோ வினா எழுந்தவுடன் கால் நின்றுவிடுகின்றது. “தம்பி, கொஞ்சம் நில்லும். இதை நின்றுதான் சொல்லவேண்டும்” என்பார். விளக்கம் முடிந்த பின்னரே அடுத்த அடி. மோட்டார்ச் சைக்கிளில் வரும் இளைஞர் ஒதுங்கிச் செல்வர். சிலர் சிரித்துக்கொண்டும் செல்வர். கரும்பலகைக்கு முன்னே நின்று பழகியவர் அப்படித்தான் என்றார் அயலார் ஒருவர். அறிவு மங்கிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். அறிவு மங்கியவர் நன்னூற் சூத்திரத்தை உரையோடு சொல்லுவாரா என்று அவரை யாம் கேட்டோம்.

உடன் நடப்போருக்கு மட்டும் புலப்படும் நுட்பம் ஒன்று உண்டு. தேவாரம் ஓதிக்கொண்டு நடக்கும்போது அவர் நிற்பதில்லை. ஏழு வயதிலே நாவில் ஏறிய பதிகம் தானே ஓடும்; காலும் தானே செல்லும். பிரதோஷ நாளிலே பதினொரு சுற்று வலம்வருவது அவர் நோன்பு. அப்போது எத்தனையாவது சுற்று என்று எண்ணத் தொடங்கினாற் போதும், நடை குறுகிவிடும். இதனை அவரே கண்டுகொண்டார். பதினொரு நந்தியாவட்டைப் பூக்களைச் சிறு கூடையில் எடுத்துச் சென்று, சுற்றுக்கு ஒன்றாகப் பலிபீடத்தருகே வைக்கின்றார். எண்ணும் வேலையைப் பூக்கள் பார்த்துக்கொள்கின்றன.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் யாம் பரீட்சை வேலையாகக் கல்லூரியில் நின்றோம். பெரியார் தனியே சென்றார். மதகைக் கடக்கும் தறுவாயிற் சட்டைப் பையிலிருந்த கைத்தொலைபேசி அழைத்தது. கனடாவிலிருந்து மகள். இங்கே மாலை ஐந்தரை. அங்கே காலை எட்டு. மகள் கேட்டது சிறிய செய்தி: தோட்டக் காணியின் உறுதி எந்த ஆண்டிலே எழுதப்பட்டது என்பது. தந்தையார் ஆண்டை நினைத்தார், நினைத்துக்கொண்டே நடந்தார். மதகின் ஓரத்துக் கல்லிற் கால் இடறியது. வீழ்ந்தவர் வலக்கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. இடுப்பெலும்பு தப்பியது இறைவன் செயல். நின்று பேசும் வழக்கமுடையவர் அன்று ஏன் நிற்கவில்லை என்று பின்னர் யாம் வினவினோம். “பக்கத்திலே வருகிறவர் கேட்டால் அவருக்காக நிற்கலாம். காதுக்குள்ளே இருந்து கேட்பவருக்கு எங்கே நிற்பது?” என்றார். வீழும் தறுவாயிலும் விடை வந்துவிட்டதாம்: 1974.

மக்கள் அஞ்சினர். அஞ்சியது இயல்பே. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தந்தையின் ஓலத்தைத் தொலைபேசியிற் கேட்ட மகளின் நிலையை யார்தாம் உணரார்? ஆனால் அந்த அச்சத்திலிருந்து பிறந்த கட்டளை, “அப்பா இனி வெளியிலே நடக்கக்கூடாது” என்பது. வீட்டிலே சமைத்து உதவும் அம்மையாரிடம் படலையின் திறப்பு ஒப்படைக்கப்பட்டது. கை ஆறிய பின்னும் தடை ஆறவில்லை. வாசிகசாலைக்குப் போகவேண்டாம் என்று பத்திரிகை வீடு தேடி வந்தது. பத்திரிகையைப் பற்றிக் கதைப்பதற்கு ஒருவரும் வரவில்லை. இரண்டு மாதம் கழிந்தபோது, கதிரையிலிருந்து எழுவதற்குக் கைப்பிடியைத் தேடினார். கிணற்றடிக்குச் செல்லவும் சுவரைத் தொட்டார். ஒருநாள் மாலை எம்மைப் பார்த்து, “தம்பி, நான் விழுந்தது ஒருநாள், என்னை இருத்தி வைத்திருப்பது ஒவ்வொரு நாளும்” என்றார். அவர் வாயிலிருந்து முறைப்பாடு ஒன்றை யாம் கேட்டது அதுவே முதன்முறை.

எம்மிடம் ஒன்பதாம் வகுப்பிலே தமிழ் படித்த மாணவர் ஒருவர் இன்று இயன்மருத்துவராகப் பணிபுரிகின்றார். அவரை அழைத்து வந்தோம். அவர் சொன்னவற்றையும், அவர் காட்டிய வழியிலே யாம் தேடிப் படித்தவற்றையும் எமக்கு விளங்கிய அளவில் இங்கே தருகின்றோம்.

நடத்தல் நினைவின்றி நிகழ்வது போலத் தோன்றும். கால்கள் மாறி மாறி எழும் ஒழுங்கினை முள்ளந்தண்டினுள்ளே இருக்கும் நரம்புக் கூட்டங்கள் நடத்துகின்றன. சிறுமூளை அவ்வப்போது திருத்துகின்றது. மூளையின் அடியிலுள்ள வேறு சில பகுதிகள் பழகிய செயலைத் தடையின்றி ஓடவிடுகின்றன. இவை செம்மையாக நிகழும்போது நெற்றிக்குப் பின்னே உள்ள முன்மூளை தன் போக்கிலே வேறொன்றை எண்ணலாம். நல்ல ஆசிரியர் நிறைந்த பாடசாலையை நினைத்துக்கொள்க. வகுப்புகள் தாமாக நடக்கும். அதிபர் தம் அறையிலிருந்து கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதலாம், வந்த பெற்றாருடன் பேசலாம். ஆசிரியர் இருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றனர், ஒருவர் மருத்துவ விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். அதிபரே வகுப்பிற்குள் புகவேண்டும். அந்நேரத்திற் பெற்றார் ஒருவர் வந்து வாயிலில் நின்றால், ஒன்றில் அவர் காத்திருக்கவேண்டும், அல்லது வகுப்புக் குழம்பவேண்டும்.

முதுமையிலே இடமாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியர் யாவர்? உள்ளங்காலின் தொடுவுணர்ச்சி மங்குகின்றது. தரை மேடோ பள்ளமோ என்னும் செய்தி பிந்தி வருகின்றது. கண் குறைகின்றது. உட்செவியிலே சமநிலை காக்கும் உறுப்பும் தளர்கின்றது. தசை மெலிகின்றது. இவை யாவும் குறையக் குறைய, தானே நடந்த நடையை முன்மூளை மேற்பார்வை செய்யவேண்டியதாகின்றது. அதே முன்மூளைக்குத்தான் காணி உறுதியின் ஆண்டை நினைக்கும் வேலையும். அந்த மூளைப் பகுதியும் வயதோடு சிறிது சுருங்குவதே. ஆகவே கால் நிற்கின்றது. இரண்டிலொன்றை விடவேண்டிய இடத்திலே அம்முதியவர் பேச்சையோ நடையையோ சற்றுத் தள்ளிவைக்கின்றார், உயிரைத் தள்ளவில்லை.

இதனை உலகுக்கு முதன்மையாக உணர்த்தியது மிகச் சிறிய ஓர் ஆய்வு. 1997 ஆம் ஆண்டு ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழிலே சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் மூவர் அதனை வெளியிட்டனர். முதியோர் குடியிருப்பிலே வாழ்ந்த 58 பேருடன் நடந்து சென்று, வழியிலே பேச்சுக் கொடுத்தனர். அவ்வளவே. கருவி இல்லை, கம்பி இல்லை. பேச்சுத் தொடங்கியதும் 12 பேர் நடையை நிறுத்தினர். அடுத்து வந்த ஆறு மாதங்களில் அப்பன்னிருவருள் 10 பேர் ஒருமுறையேனும் வீழ்ந்தனர். நில்லாது நடந்தோருள்ளும் சிலர் வீழ்ந்தனர். ஆயினும் அவர்கள் நாலில் ஒரு பங்கினரே. இதனைப் படித்தபோது எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. பெரியார் பனங்கூடலருகே ஒவ்வொரு நாளும் எமக்குக் காட்டிக்கொண்டிருந்த அடையாளத்தை ஆராய்ச்சியாளர் எண்ணிக்கையாக எழுதிவைத்திருந்தனர்.

ஆனால் ஒன்றை இங்கே பிரித்து உணரவேண்டும். நிற்றல் வீழ்ச்சிக்குக் காரணமன்று. வீழ்ச்சிக்கு அணித்தாக இருக்கும் உடல், தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. உடல் நலமுள்ள முதியோர் பெரும்பாலும் நடையைக் காத்துப் பேச்சைக் குறைப்பர். பார்க்கின்சன் நோயுற்றார் பலரிடத்திலோ இந்த முறை மாறிவிடுகின்றது. பேச்சிலே கவனம் செல்ல, நடை கைவிடப்படுகின்றது. அவர்க்கு இடர் மிகுதி. ஆகவே நிற்கின்ற முதியவரைக் கண்டு சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நிற்கவேண்டிய இடத்தில் நில்லாதவரைக் கண்டே அஞ்சவேண்டும். அந்த மாலை மதகிலே நடந்ததும் அதுவே.

எந்த வேலையும் ஒரே அளவாக நடையைத் தடுப்பதில்லை என்பதற்கு நியூயோர்க் நகரிலே செய்து 2002 ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு சான்று. முதியோரை நடக்கச் செய்து, முதலில் ஆங்கில நெடுங்கணக்கை வரிசையாகவும், பின்னர் ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகவும் சொல்லச் சொன்னார்கள். முன்னது எளிது, பின்னது காலைப் பிடித்திழுக்கும். தேவாரத்துக்கும் சுற்றெண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே என்று யாம் துணிகின்றோம். மாணவர்கள் இதனைத் தமிழிலே செய்து பார்க்கலாம். மைதானத்தின் குறுக்கே நடந்துகொண்டு உயிரெழுத்துகளை ஒன்று விட்டு ஒன்றாகச் சொல்லுக. அ, இ, உ, எ என்று குறில்களாகவே ஓடும். அடுத்து வருவது ஐகாரம். அதற்குக் குறில் இல்லை. அதன்பின் ஒகரம் என்று நாவு எழும், வரவேண்டியதோ ஓகாரம். அந்த இடத்திலே பதினாறு வயதுக் காலும் சற்றுத் தயங்கக் காண்பீர்கள். பத்தாம் வகுப்பிலே செய்து பார்த்தோம். ஓட்டவீரன் ஒருவனும் ஐகாரத்திலே நின்றான்.

அவதானம் என்னும் கலை எமக்கு நினைவு வருகின்றது. எட்டுப் பேர் எட்டுத் திசையிலிருந்து கேட்பனவற்றை ஒருங்கே நெஞ்சில் நிறுத்தி விடையிறுப்பவர் அட்டாவதானி, நூறாயின் சதாவதானி. புலோலி தந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி. திரு. வி. க. அவர்களுக்குத் தமிழ் கற்பித்தவரும் அவரே. 1907 ஆம் ஆண்டு மறைந்தார். அதே ஆண்டிலே சென்னை விக்டோரியா மண்டபத்திற் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். ஒரு மனத்திலே நூறு வினாவை வைத்திருக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்பதற்கு இவர்கள் சான்று. எனினும் அவதானியார் அவையிலே அமர்ந்திருந்தே விடை சொல்லுவர். ஒழுங்கையிலே நடக்கச் சொல்லிக் கேட்டாரில்லை. அவதானம் என்றால் கவனம். ஈழநாட்டிலே வீதி திருத்தும் இடத்தில் நாட்டும் பலகையிலும் இச்சொல்லையே எழுதுகின்றோம். புலவரின் அவதானமும் பலகையின் அவதானமும் ஒரே பொருளின என்பது எமக்குப் பெரியார் வீழ்ந்த பிறகே நன்கு விளங்கியது.

இயன்மருத்துவர் பெரியாரைச் சோதித்ததைச் சொல்லவேண்டும். முற்றத்திலே பத்து மீற்றர் அளந்து கோடிட்டார். மௌனமாக நடந்தபோது 12 வினாடி. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டு நடந்தபோது 16 வினாடி. அஃதாவது, நடையின் வேகத்திலே நாலில் ஒரு பங்கு எண்ணுக்குப் போய்விட்டது. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று பிழையின்றி வந்தார்; எழுபத்திரண்டிலே கால் நின்றது. கோடுவரை வந்து சேர்ந்தபோது, “கணக்குப் பிழைக்கவில்லை, தம்பி, கால்தான் பிழைத்தது” என்றார்.

அடுத்து, நடந்துகொண்டே விலங்குகளின் பெயர்களைச் சொல்லுமாறு மருத்துவர் கேட்டார். பெரியார் களிறு என்று தொடங்கினார். பின் வேழம், கரி, கைம்மா, ஒருத்தல் என்று நிகண்டு நினைவிலிருந்து ஒழுகிக்கொண்டே போயிற்று. மருத்துவர் ஐந்து விலங்கு என்று குறித்துக்கொண்டார். எமக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பிலே அவருக்குத் தமிழ் படிப்பித்தவர் யாம் ஆதலால் வாய்திறவாதிருந்தோம்.

இவ்வாறு பெறும் கணக்குக்கு இப்போது மருத்துவ உலகிலே மதிப்பு மிகுதி. கனடா நாட்டிலே, ஞாபகக் குறைவு சிறிதளவு தோன்றிய 112 முதியோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2017 ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். பின்னோக்கி எண்ணும்போதும் விலங்கின் பெயர் சொல்லும்போதும் நடை பெரிதும் தளர்ந்தவர்கள், மறதிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவரினும் கூடியவராகக் காணப்பட்டனர். இதைக் கேட்டுத் தம் வீட்டு முதியவரை முற்றத்திலே நடக்கவிட்டு அஞ்சுதல் வேண்டா. காலின் சோர்வும், முழங்கால் வாதமும், உண்ணும் மருந்தும் நடையைக் குறைக்கும். அளந்ததைப் பொருள்கொள்வது வைத்தியர் வேலை.

சோதனை முடிந்தபின் தொலைபேசியிலே மகளாருடன் பேசினோம். எம்மினும் மூத்தவர், அக்கா என்றே அழைப்போம். “தம்பி, நீர் பக்கத்திலே இருக்கிறீர், உமக்குப் பயமில்லை” என்றார். அச்சொல்லுக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர், மருத்துவர் சொன்னதைச் சொன்னோம். நடையை நிறுத்தினாற் கால் தசை மேலும் மெலியும். மெலிந்த காலை நடத்த முன்மூளை மேலும் உழைக்கவேண்டும். அப்போது படுக்கையிலிருந்து குளியலறைக்குச் செல்லும் பத்தடியும் மதகாகிவிடும். தந்தையாரைக் காக்கவென்று பூட்டிய படலை வீழ்ச்சியையே உள்ளே அழைத்து வரும். தடுக்கவேண்டியது நடையையன்று, நடக்கும்போது வரும் வினாவை. அக்கா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்போ நான் தொலைபேசியிலே கேட்டதுதான் காரணமோ?” என்றார். காரணம் எண்பத்திரண்டு வயது என்றோம். மதகுக்குக் கைப்பிடியில்லாதது இரண்டாவது காரணம். அதனைக் கட்டவேண்டியவர்களுக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கின்றோம்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிருவர் அளவினர் அறுபது வயதைக் கடந்திருந்தனர். அதன்பின் அத்தொகை மேலும் ஏறியுள்ளது. எம் ஒழுங்கையிலே பதினேழு வீடுகள். அவற்றுள் ஒன்பதிலே முதியோர் மட்டுமே வாழ்கின்றனர். பிள்ளைகளின் குரல் தொலைபேசியிலே வரும். குரல் வரும்போது ஒருவர் அடுப்படியில் நிற்பார். ஒருவர் தேநீர்க் கோப்பையோடு படியிறங்குவார். ஒருவர் கிணற்றடியில் வாளியோடு நிற்பார். யாவரும் ஓடிவந்து எடுப்பர். எடுத்ததும் முதல் வினா, “சாப்பிட்டாச்சா?” என்பது. அதற்கு விடை எளிது. இரண்டாவது வினா மருந்தின் பெயராகவோ வங்கிக் கணக்கின் இலக்கமாகவோ இருக்கும். அங்கேதான் இருக்கின்றது படி.

முற்றிலும் வாய்மூடி நடப்பதே வழி என்றும் எண்ணவேண்டா. ஜெனீவா நகரிலே 65 வயதைக் கடந்த 134 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்து 2011 ஆம் ஆண்டு வெளியாயிற்று. சுவிற்சர்லாந்து இசையறிஞர் ஜாக்-டல்குரோஸ் (1865–1950) வகுத்த முறையின்படி, பியானோ வாசிப்பின் காலத்துக்கு ஏற்ப நடத்தல், வாசிப்பு மாறும்போது நடையை மாற்றுதல் ஆகியவற்றை வாரம் ஒருமுறை ஆறு மாதம் பழக்கினர். பழகியோரின் நடை ஒழுங்குபட்டது; பேச்சோடும் எண்ணோடும் நடப்பதிலே முன்னேற்றம் கண்டது; வீழ்ச்சி ஏறக்குறைய அரைவாசியாயிற்று. இதனைக் கேட்டதும் பெரியார், “பியானோ எதற்கு? தாளம் எங்களிடம் இல்லையோ?” என்றார். ஜெனீவாவின் பயனை எம் கைத்தாளம் தரும் என்று யாம் உறுதிகூற மாட்டோம். எனினும் மருத்துவர் தடுக்கவில்லை. சுவரோரமாக, அருகில் ஒருவர் நிற்க, நாள்தோறும் பத்து நிமிடம் முற்றத்திலே ஆதிதாளம் போட்டுக்கொண்டு நடக்கின்றார். முறிந்து ஆறிய கையாற் போடும் தாளம் முதலில் மெலிதாக இருந்தது. இப்போது அடுத்த வீட்டுக்கும் கேட்கின்றது.

விழாவை ஒட்டிய நடைபவனியிலே முதிய பழைய மாணவர் பலர் கலந்துகொள்வர். அவர்களோடு செல்லும் இளைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். “ஐயா எந்த ஆண்டிலே படித்தீர்கள்? அப்போது அதிபர் யார்?” என்று கேட்கும் ஆவல் உங்களுக்கு இருக்கும். கேளுங்கள், அவர்களும் அதற்காகவே வருகின்றனர். வீதியைக் கடக்கும்போதும் படியேறும்போதும் கேளாதீர்கள். மர நிழல் கண்ட இடத்திலே நீங்கள் முதலில் நில்லுங்கள். நீங்கள் நின்றால் அவர்கள் நிற்பதற்கு நாணமாட்டார்கள். ஒருவர் இடையில் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னே வரும் பாண்ட் வாத்தியம் சற்றுக் காத்திருக்கட்டும்.

புறநானூற்றிலே 243 ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் எவருக்கும் தெரியாது. முதுமையில் ஊன்றும் கோலை அப்பாட்டிலே அவர் அழைத்த தொடரே அவர்க்குப் பெயராயிற்று: தொடித்தலை விழுத்தண்டினார். வாலிபத்திலே மடுவிற் குதித்து விளையாடியதை எண்ணி ஏங்கும் அம்முதியவர், கோலூன்றி, இருமலுக்கு இடையிடையே சில சொல்லே பேசுவாராம். இருமல் சொல்லைத் துண்டாக்கியதை அப்புலவர் கண்டார். எம் பெரியாருக்கு இந்தப் பாட்டு மனனம். கோல் ஊன்றச் சொன்னபோது முதலில் மறுத்தவர், தண்டுக்குப் பெயர்போன புலவரை எடுத்துக்காட்டியதும் ஏற்றுக்கொண்டார். கருங்காலிக் கோல், பூண் வெண்கலம்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்தினம் படலையின் திறப்பு மீண்டும் அவர் கைக்கு வந்தது. மாலை ஐந்து மணிக்கு இப்போது மறுபடியும் கூடி நடக்கின்றோம். கைத்தொலைபேசி வீட்டு மேசையிலே கிடக்கும். மதகு வரும்வரை வினா உண்டு, மதகிலே இல்லை. மதகுக்கு அப்பால் ஒரு பனங்குற்றி கிடக்கின்றது. அதனருகே அவர் நின்று, “இனிக் கேளும்” என்பார். சென்ற கிழமை அங்கே நின்று குற்றியலுகரத்தைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினார். மோட்டார்ச் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் தாமும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். அக்கா இப்போது ஏழு மணிக்கே அழைக்கின்றார். அழைப்பு வரும்போது பெரியார் முன் விறாந்தையிலே கதிரையில் அமர்ந்திருப்பார். காணி உறுதிகள் யாவும் ஆண்டு வரிசையிலே பக்கத்து முக்காலியில் இருக்கும்.